ஏற்காடு ஏறி இறங்கும் காருக்கு எந்த டயர்: பிடிப்பா, ஆயுளா?

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் பிடிபடும். வீடு சேலம் அழகாபுரத்தில், வேலை ஏற்காட்டில் ஒரு பள்ளியில். திங்கட்கிழமை காலையில் மலை ஏறி வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குகிறீர்கள். நடுவில் சென்னையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வருஷத்தில் சில தடவை. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கார் ஸ்விஃப்ட், டயர் அளவு 185/65 ஆர்15. கடைக்காரர் இரண்டு டயர் காட்டியிருக்கிறார். ஒன்று 70,000 கிலோமீட்டர் வரும், விலை 5,000 ரூபாய். இன்னொன்று மழையில் நன்றாகப் பிடிக்கும், 45,000-க்கு மேல் தாங்காது, விலை 6,000. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் உங்கள் மாமா முதல் டயரைத்தான் வாங்கச் சொல்கிறார்.

இரண்டாவதை வாங்குங்கள். காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த தடவை இதே முடிவை நீங்களே எடுக்க முடியும்.

ஒரு டயர் ஓடித் தேய்ந்தும் தீரும், ஓடாமலே வயதாகியும் தீரும். ரப்பர் வெயிலிலும் காற்றில் இருக்கும் ஓசோனிலும் ஆக்ஸிஜனிலும் மெல்ல மெல்ல இறுகுகிறது. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தில் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகள், ஆழமாக இருந்தாலும் மேல் ரப்பர் இறுகியதும் ஈர ரோட்டில் பிடிப்பு குறைந்துவிடும், சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) மயிரிழை போல வெடிப்பு தெரியத் தொடங்கும். ஐந்து வருஷம் ஆனதும் ஒவ்வொரு வருஷமும் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்பது டயர் கம்பெனிகள் பலவும் சொல்லும் கணக்கு. ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், வெயிலில் நிற்கும் காருக்கு, ஐந்தாறு வருஷத்தோடு டயரை மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். வருஷம் 9,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு 45,000 கிலோமீட்டர். 70,000 வரும் டயரை வாங்கினால் அந்த 70,000-ஐத் தொட கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஆகும். அதற்குள் ரப்பர் இறுகியிருக்கும். அதாவது கடைசி 25,000 கிலோமீட்டர் நீங்கள் ஓட்டவே கூடாத கிலோமீட்டர். அதை ஒரு லாபமாக நினைத்து வாங்கினால், அந்த லாபம் கைக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்த ஆயுளுக்காக விட்டுக்கொடுத்த பிடிப்பு, முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குறைவாகத்தான் இருக்கும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். மலை வளைவுகளில் ஓடுவதால் இரண்டாவது டயர் 45,000 வராமல் 40,000-தான் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நாலு டயர் 24,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 60 பைசா. முதல் டயர் நாலும் 20,000, ஐந்து வருஷத்தில் 45,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 44 பைசா. வித்தியாசம் 16 பைசா. உங்கள் ஓட்டத்துக்கு வருஷத்துக்கு 1,440 ரூபாய், மாதம் 120. மழையில் சில மீட்டர் முன்னதாகவே கார் நிற்பதற்கு இந்தத் தொகை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

சரி, பிடிப்பும் ஆயுளும் ஏன் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன? ரோடு என்பது நாம் நினைப்பதைவிடக் கரடுமுரடானது. ரப்பர் அந்தக் கற்களின் மேடு பள்ளத்துக்குள் அமுங்கி, அமுங்கிய சக்தியை அப்படியே திருப்பித் தராமல் கொஞ்சம் சூடாக மாற்றி விழுங்கும்போதுதான் பிடிப்பு பிறக்கிறது. வகுப்பில் பார்த்திருப்பீர்கள், மெத்தென்ற அழிரப்பர் நன்றாக அழிக்கும், சீக்கிரம் கரையும். டயரும் பெரும்பாலும் அப்படித்தான். டயர் ரப்பரில் மூன்று முக்கிய வகைகள் கலந்திருக்கும். பியூட்டாடையீன் ரப்பர் அதிகம் சேர்த்தால் தேய்மானம் குறையும், ஈரத்தில் பிடிப்பும் குறையும். ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பர் ஈரப் பிடிப்பைத் தரும். இயற்கை ரப்பர் கிழியாமல், அதிகம் சூடாகாமல் தாங்கும். இதில் எதைக் கூட்டினாலும் இன்னொரு பக்கம் எதையாவது இழக்க வேண்டும்.

இந்த இழுபறியைக் கொஞ்சம் தளர்த்தியது சிலிக்கா. முன்பு ரப்பருக்கு வலு சேர்க்க கார்பன் பிளாக் என்ற கரித்தூள்தான் முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் மிஷ்லின் கம்பெனி கரித்தூளில் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்கா சேர்த்த கார் டயரைக் கொண்டுவந்தது. உருளும்போது சக்தி வீணாவது குறைந்தது, ஈர ரோட்டில் பிடிப்பும் நன்றாக இருந்தது. இன்று நல்ல கார் டயர்களில் சிலிக்கா சாதாரணம். அதனால்தான் இன்றைக்கு 'நன்றாகப் பிடிக்கும்' டயர் என்றால் பத்து, பதினைந்தாயிரத்தில் வழுவழுப்பாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. நடுத்தரமான, சாதாரணக் கார்களுக்கான டயரிலேயே இரண்டும் ஓரளவு கிடைக்கிறது. நீங்கள் தேட வேண்டியதும் அதைத்தான். பந்தயக் கார் போல மென்மையான டயர் உங்களுக்குத் தேவையே இல்லை.

மாமா சொன்னதும் தவறான பேச்சு இல்லை, அது லாரிக்கான பேச்சு. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் டயர் என்றால் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்பதுதான் முதல் கேள்வி, அது நியாயமும்கூட. லாரி டயர் வருஷத்துக்கு லட்சம் கிலோமீட்டர் அளவில் ஓடும், வயதாவதற்கு முன்பே தேய்ந்துவிடும், பிறகு ரீட்ரேடிங் செய்து, அதாவது தேய்ந்த பக்கத்தில் புது ரப்பர் ஒட்டி, மறுபடியும் ஓடும். அதன் ரப்பரில் இயற்கை ரப்பர் அதிகம், ஏனென்றால் அந்தப் பாரத்தில் சூடு ஏறாமல் இருப்பதுதான் முக்கியம். நம் ஊர்ப் பக்கம் டயரைப் பற்றிய அறிவு முழுக்க லாரியிலிருந்து வந்தது என்பதால், கார் வைத்திருப்பவர்களும் 'எவ்வளவு வரும்?' என்று மட்டுமே கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வருஷம் 9,000 ஓடும் காருக்கு அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது.

இனி உங்கள் பாதை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, மேலே ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். கீழே காய்ந்த ரோடு, பாதி வழியில் பனிமூட்டம், மேலே நனைந்த ரோடு என்று ஒரே பயணத்தில் மூன்றையும் பார்ப்பீர்கள். காபித் தோட்ட ஓரங்களில் சில்வர் ஓக் இலை விழுந்து நனைந்து கிடக்கும். வெயில் படாத வளைவுகளில் பாசி படியும். கோடை மழை வருகிற மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் நான் அதிகம் பயப்படுவேன். மாதக்கணக்கில் காய்ந்த ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையின் பத்து இருபது நிமிஷத்தில் மேலே மிதந்து வரும், பெருமழை அடித்துக் கழுவிய ரோட்டைவிட அது மோசமாக வழுக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. மலையில் வேண்டிய ஈரப் பிடிப்பும் ஹைவேயில் வேண்டிய ஈரப் பிடிப்பும் வேறு வேறு. வளைவில் நீங்கள் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவீர்கள். அந்த வேகத்தில் டயருக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் காரைத் தூக்காது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது ரப்பரின் தன்மையும், பட்டனில் கத்தியால் கீறியது போல இருக்கும் மெல்லிய கீறல்களும்தான். ஆனால் சென்னை போகும் வழியில் ஆத்தூர் தாண்டிக் கொட்டும் மழையில் 90-ல் போகும்போது தண்ணீரை வெளியே தள்ள ஆழமான பள்ளங்கள் வேண்டும். அது இல்லையென்றால் கார் தண்ணீர் மேல் மிதந்துவிடும், ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். டயர் தேயத் தேய இந்த இரண்டாவது பிடிப்புதான் முதலில் போகிறது. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டுக்கு பட்டன் சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் மழைக்கால ஓட்டம் இருப்பவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆயுள் டயர் வாங்குபவர்களின் கணக்கு பெரும்பாலும் அந்தக் கடைசி 1.4 மில்லிமீட்டரையும் சேர்த்தே போடப்படுகிறது.

கடைக்குப் போனால் டயரின் ஓரத்தில் என்ன படிப்பது? 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் டயரின் பக்கச் சுவர் உயரம் எத்தனை சதவீதம், 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அதற்குப் பிறகு 88எச் என்று இருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும், எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் தரத்தை. பாரத்தைக் குறிக்கும் எண் காருடன் வந்த டயரைவிடக் குறையவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

சில டயர்களில் 'ட்ரெட்வேர்' (தேய்மானம்) என்று ஒரு எண்ணும், 'டிராக்ஷன்' (பிடிப்பு), 'டெம்பரேச்சர்' (சூடு தாங்குவது) என்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். இது அமெரிக்க அரசின் முறை. ட்ரெட்வேரில் ஒரு அளவுகோல் டயருக்கு 100 என்று வைத்து, அதைவிட மூன்று மடங்கு தாங்கினால் 300, நாலு மடங்கு என்றால் 400. கடைக்காரர் இந்த எண்ணைக் காட்டி 'பாருங்க, இது 400, அது 320' என்பார். ஆனால் அந்த எண்ணைப் போடுவது அந்தந்தக் கம்பெனியேதான், ஒவ்வொருவரும் ஒரு விதமாகப் போடுகிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும். இரண்டு கம்பெனிகளுக்கு இடையே ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். டிராக்ஷன் எழுத்தும் நேர்கோட்டில், ஈர ரோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்த சோதனைதான். வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதை அது அளக்கவே இல்லை. ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் ஈரப் பிடிப்புக்கான எழுத்தைப் பாருங்கள், ஏ என்பது உச்சம். ஆனால் அந்த லேபிளில் ஆயுளைப் பற்றி ஒன்றுமே கிடையாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றை எண் எந்த டயரிலும் இல்லை, அதனால் கம்பெனி அந்த மாடலை எதற்காக விற்கிறது என்று பார்ப்பதுதான் நடைமுறையில் உதவும்.

பெரும்பாலான கம்பெனிகள் ஆயுளுக்கு ஒன்று, பிடிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். சியட்டில் மைலேஸ் ஆயுளுக்கு, செக்யூராடிரைவ் பிடிப்புக்கு. அப்பல்லோவில் அமேசர் 4ஜி லைஃப் ஆயுளுக்கு, ஆல்னாக் பிடிப்பும் சொகுசும் வேண்டுபவர்களுக்கு. குட்இயரில் டியூராபிளஸ் ஆயுளுக்கு, டிரிபிள்மேக்ஸ் ஈர பிரேக்குக்கு. பிரிட்ஜ்ஸ்டோனில் ஸ்டர்டோ ஆயுள் பக்கம். உங்களுக்கு நான் சொல்வது, இந்தப் பிடிப்புப் பக்க மாடல்களில் உங்கள் அளவில், புதிதாகத் தயாரானது எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அந்த வரிசைக்குள் கம்பெனி எது என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

தயாரான தேதி முக்கியம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கம். 1825 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 18-வது வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் வேறு கேளுங்கள், தயங்க வேண்டாம், நாலு டயருக்கும் கேளுங்கள். உங்களைப் போல, தேய்வதற்கு முன்பே டயருக்கு வயதாகி மாற்றுகிறவர்களுக்கு கடையில் போன ஒரு வருஷமும் கணக்கில் சேரும். ஸ்டெப்னியின் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது காருடன் வந்த பழைய டயராக இருக்கும்.

அகலத்தை 195 ஆக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது காய்ந்த ரோட்டில் ஓரளவு உண்மை. மழையில் அகலமான டயர் தண்ணீரை வெட்டிப்போவதற்குப் பதிலாக அதன் மேல் ஏறப் பார்க்கும். அந்தப் பணத்தை நல்ல ரப்பருக்குக் கொடுங்கள்.

இதே கேள்வியை சேலம் ஜங்ஷனிலிருந்து வாடகைக்கு ஓட்டும் ஒரு தம்பி கேட்டால் என் பதில் மாறும். வருஷம் 50,000 ஓடுகிற காருக்கு வயதாகும் கவலையே இல்லை, ஆயுள் டயர்தான் அவருக்குச் சரி. வருஷம் 15,000-க்கு மேல் ஓட்டி, மலைப்பக்கம் அதிகம் போகாதவர்களுக்கும் அப்படியே. மலையும் ஓட்டமும் இரண்டும் அதிகம் என்றால் பிடிப்பு டயரை வாங்கி, அடிக்கடி மாற்றும் செலவை வாடகையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய டயர் எத்தனை வருஷம் வரும் என்பதில் ரப்பரின் பங்குக்குக் குறையாத பங்கு உங்கள் கையிலும் இருக்கிறது. வளைவில் டயர் தாங்கும் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20-ல் எடுக்கும் வளைவை 30-ல் எடுத்தால் விசை இரண்டேகால் மடங்கு, தேய்மானம் அதைவிடவும் அதிகமாக ஏறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இறங்கும்போது இரண்டாவது கியரில் என்ஜினையே பிரேக்காக வைத்து வந்தால் டயரும் பிரேக்கும் சேர்ந்து மிச்சமாகும்.

காத்து பார்ப்பது காலையில், கார் ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி. மலை ஏறினால் காத்தைக் குறைக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 1,200 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காத்து பார்க்கும் மீட்டரில் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆனால் ஏற்காடு சேலத்தைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி, அந்தக் குளிரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல இறங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் நீங்கள் எதையும் தொட வேண்டாம். வெயில் நேரத்தில் சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓட்டிவந்து, சூடான டயரில் அதிகமாகக் காட்டுகிறதே என்று காத்தை இறக்கிவிடுவதுதான் தவறு. மறுநாள் காலையில் அந்த டயர் குறைந்த காத்தில் நிற்கும், ஓரங்கள் தேயும், உள்ளே சூடு ஏறும். நைட்ரஜன் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

புது டயர் போட்ட முதல் 200, 300 கிலோமீட்டர் மலையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழவழப்பு மேல் தோலில் இருக்கும், அது போன பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். நாலும் ஒரே மாடலாகப் போடுங்கள். இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால், புதியவை பின்னால் போக வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், நீங்கள் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிக்கொள்ளும், வளைவில் அதைச் சமாளிப்பது கடினம்.

கடைசியாக, பழைய டயரைக் கழற்றும்போது கடையில் அப்படியே கொடுத்துவிட்டு வராதீர்கள், நாலையும் வரிசையாகச் சாய்த்துவைத்துப் பாருங்கள். முன்னிரண்டின் வெளி ஓரம் மட்டும் உருண்டு தேய்ந்திருந்தால் அது மலை வளைவுகளின் வேலை, முன் சக்கரம் இழுக்கும் கார்களில் சகஜம். 5,000 முதல் 7,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் சரியாகும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காத்து குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். பட்டன் மேல் கையை உள்பக்கமாகத் தடவும்போது வழுக்கிக்கொண்டும், வெளிப்பக்கமாகத் தடவும்போது பல் பல்லாக உறுத்திக்கொண்டும் இருந்தாலோ, அல்லது அதற்கு நேர் எதிராக இருந்தாலோ, வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயரை மாட்டினால் 45,000 வரும் டயரும் 20,000-க்குள் போய்விடும். அலைன்மென்ட் செய்த பிறகு முன்பும் பின்பும் இருந்த அளவுகளை அச்சிட்டுத் தருவார்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.